ஸ்மித் மின் பால் வண்டி: ஷெட்டில் நிற்பதை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவருவது எப்படி

பிரிட்டனில் விடியும் முன்னே தெருவில் பாட்டில்கள் உரசும் சத்தத்தோடு வந்த பால் வண்டியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. இன்ஜின் சத்தமும் புகையும் இல்லாத பேட்டரி வண்டி அது. 1967-இல் அந்நாட்டு மின்வாகனச் சங்கம், உலகின் மற்ற நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் எங்கள் சாலையில் ஓடும் பேட்டரி வண்டிகளின் எண்ணிக்கைக்கு ஈடாகாது என்று அறிவித்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பால் வண்டிகள்தான். பண்ணைக் கொட்டகைகளிலும் பழைய டெப்போக்களிலும் அவற்றில் சில இன்றைக்கும் படுத்துக் கிடக்கின்றன. அப்படி ஒன்று, குறிப்பாக ஸ்மித் நிறுவனத்தின் வண்டி, கைக்கு வந்தால் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது, எங்கே தவறும் என்பதற்கான வழிமுறை இது.

முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. இந்த வண்டி தொலைதூரம் போகச் செய்யப்பட்டதல்ல. மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வேகம், ஒரு சுற்றுக்கு நூற்றுக்கணக்கான நிறுத்தங்கள், பிறகு டெப்போவில் இரவெல்லாம் சார்ஜ். ஸ்பிரிங் முதல், மோட்டாருக்கு மின்சாரம் விடும் கனமான சுவிட்சான கான்டாக்டர் வரை ஒவ்வொரு பாகமும் இந்தச் சுற்றுக்காகவே அளவெடுத்தது. அதை மறந்து காரைப் போல நினைத்துக் கை வைப்பவர்கள்தான் நல்ல வண்டியைக் கெடுக்கிறார்கள்.

ஸ்மித் எங்கிருந்து வந்தது

கதை தேயிலையில் தொடங்குகிறது. 1907-இல் சாமுவேல் ஸ்மித் நியூகாசில் நகரில் ரிங்டன்ஸ் என்ற பெயரில், வீடு வீடாகக் குதிரை வண்டியில் தேயிலை விற்கும் வியாபாரத்தை ஆரம்பித்தார். வண்டிகள் தேவைப்பட்டன. வெளியே செய்யக் கொடுப்பதற்குப் பதில், 1920-இல் நார்தர்ன் கோச் பில்டர்ஸ் என்று சொந்தப் பட்டறையே போட்டார்கள். தேயிலை வண்டியில் தொடங்கிய அந்தப் பட்டறை பிறகு பேருந்து உடல்களும் செய்தது, பேட்டரி வண்டியும் செய்தது. 1940-களின் கடைசியில் மின்வண்டித் தொழில் ஸ்மித் குடும்பப் பெயரிலேயே தனியாகி, டைன் ஆற்றுக்குத் தெற்கே கேட்ஸ்ஹெட்டின் டீம் வேலி தொழிற்பேட்டையில் நிலைத்தது.

வீட்டுவாசல் வியாபாரம் செய்த குடும்பம் என்பதால் அதற்கு என்ன வண்டி வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1960-களில் பரவலான கேபாக் மாடலைப் பாருங்கள். ஓட்டுநர் அறைக்குப் பின்பக்கமாக ஏறும் வழி. பால்காரர் இறங்கி, பாட்டில் எடுத்து, நடைபாதைப் பக்கம் நடக்கலாம். எதிரே வரும் வண்டிகளின் பக்கம் கால் வைக்க வேண்டியதில்லை. ஒரு நாளில் சில நூறு தடவை ஏறி இறங்குபவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! ஏறும்படியின் உயரத்தை யாராவது 'சரிசெய்து' மாற்றியிருந்தால் முதலில் அதைப் பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள்.

ஸ்மித் அட்லாண்டிக்கைத் தாண்டியும் போனது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாயர்டவுன் ஆட்டோ பாடி வொர்க்ஸ், எக்ஸைடு பேட்டரிக் கம்பெனி இரண்டோடும் சேர்ந்து பேட்ரானிக் என்ற மின்வேனைச் செய்தார்கள்; முதல் வேன் 1964-இல் மேரிலாந்தின் ஒரு மின்சாரக் கம்பெனிக்குப் போனது. ஆனால் உள்நாட்டில் அடித்தளமே கரைந்துகொண்டிருந்தது. 1980-இல் பிரிட்டன் வீடுகளுக்கான பாலில் 89 சதவீதம் வாசலுக்கு வந்தது. 2016-இல் 3 சதவீதம். சூப்பர்மார்க்கெட் பிளாஸ்டிக் கேனும் வீட்டு ஃப்ரிட்ஜும் அந்த வேலையைச் செய்தன. 2004-இல் டான்ஃபீல்டு குழுமம் ஸ்மித்தை வாங்கியது, லாரி வகை மின்வண்டிகளுக்குத் திரும்பியது, 2009-இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஆலை போட்டது. 2017-இல் எல்லாம் நின்றது.

இதன் நேரடி விளைவு: ஸ்மித் பெயர் போட்ட உதிரிபாகம் என்று இனி எதுவும் புதிதாக வராது. ஆனால் மனம் தளர வேண்டாம். பேட்டரி, கான்டாக்டர், சார்ஜர், பிரேக் போன்றவை பெரும்பாலும் வெளிக் கம்பெனிகளிடமிருந்து வாங்கிப் பொருத்தப்பட்டவை. ஆல்பிரைட் கம்பெனியின் கான்டாக்டர்கள் இன்றும் கிடைக்கின்றன; ஃபோர்க்லிஃப்ட் உதிரி விற்கும் கடைதான் உங்கள் கடை.

வாங்குவதற்கு முன்

முதலில் இது ஸ்மித்தானா என்று உறுதிசெய்யுங்கள். முன்னால் ஒரே சக்கரம் இருந்தால் பெரும்பாலும் ஷ்ரூஸ்பரியின் வேல்ஸ் அண்ட் எட்வர்ட்ஸ், அல்லது லஃப்பரோவின் பிரஷ் போனி. மாரிசன் வண்டிகள் லெஸ்டரில் பிறந்து, பிறகு வேல்ஸின் ட்ரெடிகருக்குப் போனவை. அவை நான்கு சக்கரம், ஸ்மித்தோடு எளிதில் குழப்பிக்கொள்ளலாம். பெயிண்டை நம்பாதீர்கள், பால் கம்பெனிகள் எல்லா வண்டிக்கும் ஒரே வண்ணம்தான் அடித்தன. ஓட்டுநர் அறைக்குள் ரிவெட் அடித்த உலோகத் தகட்டில் மாடல், சேஸ் எண், பேட்டரி வோல்ட் இருக்கும். தகடு இல்லை என்றால் பேட்டரிப் பெட்டியைத் திறந்து செல்களை எண்ணுங்கள். 36 செல் என்றால் 72 வோல்ட், 30 என்றால் 60. செல் ஒன்றுக்கு 2 வோல்ட் என்ற இந்தக் கணக்கு பொய் சொல்லாது.

பிறகு ஒரு சின்னச் சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு படுத்துவிடுங்கள். இந்த வண்டிகளைக் கொல்வது மழைத் துரு அல்ல, ஆசிட். பேட்டரிப் பெட்டியின் அடித்தகடு, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பெட்டிக்கு நேர் கீழே வரும் சேஸின் உள்பக்கம் ஆகிய மூன்று இடங்களையும் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். ஆசிட் தின்றது மந்தமாகத் 'தொப்' என்கும், தட்டினால் செதில் செதிலாக உதிரும். கிட்டத்தட்ட ஒரு டன் எடை அந்தச் சட்டத்தில் தொங்குகிறது என்பதை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள். குறுக்குச் சட்டம் போயிருந்தால் வெட்டிப் புதிது வைக்கலாம். சேஸின் முக்கிய நீளச் சட்டமே மெலிந்திருந்தால் வேறு வண்டி பாருங்கள்.

ஓட்டை அடைக்க வெல்டிங் செய்யும் முன் ஆசிட்டை நடுநிலையாக்க வேண்டும்: 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ சமையல் சோடா. நுரை வருவது நிற்கும்வரை ஊற்றி, பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். இதைச் செய்யாமல் மேலே பெயிண்ட் அடித்தால் ஆறே மாதத்தில் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும்.

கை வைக்கும் முன்

72 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். வீட்டு ஏசி மின்சாரம் வினாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும். அதனால் பொறி தானே அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அது கிடையாது. ஸ்பேனர் இரண்டு முனைக்கு நடுவே விழுந்தால் ஸ்பேனரே உருகும். மோதிரம், வாட்ச், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் டேப்பை மூன்று சுற்று சுற்றுங்கள். கண்ணாடி, ரப்பர் கையுறை கட்டாயம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும், கண்ணில் ஆசிட் தெறித்தால் அதைத் தேடி ஓட நேரம் இருக்காது. வேலை தொடங்கும்போதே பேட்டரியின் நடு இணைப்பைக் கழற்றிவிட்டால் ஆபத்து 36 வோல்ட்டாகக் குறையும்.

பேட்டரி

நேரத்தில் பாதி இங்கேதான் போகும். போகட்டும்.

பேட்டரியின் மேல்மூடிகளை முதலில் சோடாத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மூடித் துளைகள் எல்லாம் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், ஒரு சொட்டு சோடா உள்ளே போனாலும் அந்த செல்லின் ஆசிட் கெடும். காய்ந்த பின் வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை சேஸ் இரும்பிலும் வையுங்கள். இந்த வண்டிகளில் பேட்டரி சேஸோடு சேர்வதில்லை, இரண்டு கம்பியும் தனித்தனி. ஆகவே மீட்டர் கிட்டத்தட்ட எதுவும் காட்டக்கூடாது. 20, 30 வோல்ட் காட்டினால் மேல்மூடியில் இன்னும் ஆசிட் ஈரம் இருக்கிறது அல்லது எங்கோ கேபிள் உரசியிருக்கிறது. இரவில் சார்ஜ் தானாக இறங்குவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

இனி ஆசிட்டின் அடர்த்தியை (கிராவிட்டி) அளக்கும் ஹைட்ரோமீட்டர். மொத்த வோல்ட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஓய்வில் இருக்கும் செல்லின் வோல்ட், அதன் கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் வருவது. முழுச் சார்ஜில் கிராவிட்டி 1.280, அதாவது 2.12 வோல்ட், 36 செல்லுக்கு 76.3. ஓட்டம் முடிந்த நிலையில் 1.140, அதாவது 1.98, மொத்தம் 71.3. நிரம்பியதற்கும் காலியானதற்கும் நடுவே வெறும் 5 வோல்ட்! ஒரே ஒரு செல் செத்து மற்ற 35-ம் நன்றாக இருந்தாலும் மொத்த வோல்ட்டில் அது ஒளிந்துகொள்ளும். ஆகவே 36 செல்லுக்கும் தனித்தனியாக எண் போட்டு, சுண்ணக்கட்டியால் மூடியிலேயே எழுதி, நோட்டில் குறியுங்கள். ஆசிட்டின் சூடு மீட்டர் அளவிடப்பட்ட வெப்பத்தைவிட 10 டிகிரி அதிகமானால் 0.007 கூட்டிக்கொள்ளுங்கள், குறைந்தால் கழியுங்கள்.

தண்ணீர் ஊற்றுவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. தட்டுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும், ஏனெனில் சார்ஜில் திரவம் மேலேறும், முன்பே நிரப்பினால் வழிந்து அதே சேஸை அரிக்கும். கிராவிட்டி ஏறவில்லை என்று ஆசிட் ஊற்றுவது மிகப் பெரிய தவறு. ஆசிட் எங்கும் போகவில்லை, சல்பேட்டாகத் தட்டில் ஒட்டியிருக்கிறது. மேலும் ஊற்றினால் மீட்டர் நல்ல எண் காட்டும், தட்டு அழியும்.

நெடுநாள் கிடந்த பேட்டரியை எழுப்ப மெதுவான சார்ஜ் வேண்டும். 300 ஆம்பியர்-மணி செல் என்றால் 10 ஆம்பியர், அதாவது முப்பதில் ஒரு பங்கு. 50 முதல் 70 மணி நேரம் ஆகலாம். ஆசிட் 45 டிகிரியைத் தொட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கிராவிட்டி எடுங்கள். மூன்று தடவை, ஒரு மணி நேர இடைவெளியில், எண் நகராமல் இருந்தால் அந்த செல் ஏற வேண்டிய அளவு ஏறிவிட்டது. மற்ற செல்கள் பொங்கிக் குமிழ்விடும்போது ஒன்று மட்டும் அமைதியாக, வெதுவெதுப்பாக, 0.2 வோல்ட் குறைவாக இருந்தால் அது உள்ளே ஷார்ட். அடியில் சேர்ந்த வண்டல் தட்டுகளைத் தொட்டுவிட்டது. அதற்கு வைத்தியம் இல்லை.

கெட்ட செல்லைக் கழற்றித் தாண்டி இணைத்துவிடலாம் என்று தோன்றும். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய ஸ்மித் வண்டிகளில் பேட்டரி இரண்டு பாதியாகப் பிரிந்து, மெதுவான ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் இணைந்து 36 வோல்ட்டாகவும், வேகத்துக்கு வரிசையில் இணைந்து 72 வோல்ட்டாகவும் வேலை செய்யும் வகை உண்டு. ஒரு பாதியில் 18 செல், மறுபாதியில் 17 என்று வைத்தால், பக்கவாட்டு இணைப்பில் 18 உள்ள பாதியே சுமை முழுதையும் இழுக்கும். நடுவே டையோடு இல்லாத சுற்றில் மறுபாதிக்குள்ளும் மின்னோட்டத்தைத் தள்ளும், கேபிள் சுடும். ஒரு பாதியில் ஒரு செல்லை எடுத்தால் மறுபாதியிலும் ஒன்றை எடுங்கள். சார்ஜரையும் புதிய எண்ணிக்கைக்கு இறக்கி வையுங்கள்.

இன்னொரு பழைய நோய்: விளக்குக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று யாரோ ஆறு செல்லிலிருந்து மட்டும் கம்பி இழுத்திருப்பார்கள். அந்த ஆறு செல் மட்டும் எப்போதும் மற்றவற்றைவிட அதிகம் காலியாகும், முழுச் சார்ஜைப் பார்க்கவே பார்க்காது, முதலில் சாகும். நோட்டில் வரிசையாக ஆறு செல்கள் பலவீனமாகத் தெரிந்தால் அந்தக் கம்பியைத் தேடுங்கள். அதை வெட்டிவிட்டு 72-இலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றும் ஒரு கன்வெர்ட்டர் பொருத்துங்கள். நூறு ரூபாய்க் கம்பியை மிச்சம் பிடித்து ஆறு செல்லைக் கொல்லும் அந்தப் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

பேட்டரி முழுதும் செத்திருந்தால், கைக்கு எட்டும் மாற்று கோல்ஃப் வண்டியின் 6 வோல்ட் பேட்டரிகள். 225 ஆம்பியர்-மணியில் 12 எண்ணம் வரிசையில் இணைத்தால் அதே 72 வோல்ட், அதே 36 செல், அதே சார்ஜர். பாதிக்கு ஆறு என்று சமமாகப் பிரிக்கலாம். ஒன்று சுமார் 28 முதல் 30 கிலோ என்பதால் மொத்தம் 350 கிலோ அளவுதான்; பழைய எடையில் பாதிகூட இல்லை. அதன் விளைவைக் கீழே பிரேக் பகுதியில் பாருங்கள்.

சார்ஜ் செய்யும் இடம்

செல் நிரம்பிய பின் உள்ளே தள்ளும் ஒவ்வொரு ஆம்பியர்-மணிக்கும் ஒரு செல்லில் 0.336 கிராம் தண்ணீர் பிரிந்து சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் கிளம்பும். 36 செல்லுக்கு 50 ஆம்பியர்-மணி அதிகச் சார்ஜ் என்றால் 750 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன், 600 கிராம் தண்ணீர் இழப்பு. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஆகவே பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்து வையுங்கள், அறையின் உயரமான இடத்தில் காற்று வெளியேற வழி இருக்கட்டும், ஹைட்ரஜன் மேலேதான் போகும். சார்ஜர் ஓடும்போது கிளிப்பைப் பிடுங்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகே கழற்றுங்கள்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்கள் செல் ஒன்றுக்கு 2.4 வோல்ட், அதாவது மொத்தம் 86 வோல்ட்டை ஒட்டி வந்ததும் ஒரு ரிலேயைத் தட்டி, அதிலிருந்து டைமர் ஓடி, பிறகு நிற்பவை. அந்த ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் சார்ஜர் நிற்கவே நிற்காது. முதல் இரண்டு இரவு பக்கத்தில் இருந்து பாருங்கள்.

மோட்டார்

இது சீரிஸ் மோட்டார்: நிற்கும் சுருளும் (ஃபீல்டு) சுழலும் சுருளும் (ஆர்மேச்சர்) ஒரே வரிசை. நின்ற நிலையில் பலமான இழுவை தரும் என்பதால்தான் பால் வண்டிக்கு இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் மறுபக்கம் உயிருக்கே ஆபத்தானது. சுமை இல்லாமல் முழு வோல்ட் கொடுத்தால் வேகம் ஏறிக்கொண்டே போய் ஆர்மேச்சர் சுருள்கள் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு, அல்லது பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு, 72 வோல்ட்டில் சோதிக்கக் கூடாது. எப்போதும் கூடாது. சோதனைக்கு ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி, மோட்டார் இறுகக் கட்டப்பட்ட நிலையில், சில வினாடி மட்டும்.

மோட்டாரின் ஜன்னல் பட்டையைக் கழற்றி, கார்பன் பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைப் பாருங்கள். பளபளப்பான செம்பு நல்ல அறிகுறி இல்லை. சாக்லெட் நிறத்தில் மென்மையாக மினுங்கினால் மோட்டார் ஆரோக்கியம். அந்தப் படலத்தைத் தேய்த்து எடுக்காதீர்கள். கறுப்பாகக் கருகியிருந்தால் மெல்லிய கண்ணாடி உப்புத்தாளால் துடையுங்கள். எமெரி தாள் வேண்டவே வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷை அரிக்கும், செம்புப் பட்டைகளுக்கு நடுவேயும் சிக்கும். பட்டைகளுக்கு இடையிலுள்ள மைக்கா என்ற காப்புப் பொருள் செம்பின் மட்டத்துக்கு ஏறியிருந்தால் பிரஷ் குதித்துப் பொறிவிடும். ஹேக்ஸா பிளேடின் பக்கவாட்டைத் தேய்த்து மெலிதாக்கி, மைக்காவை 0.8 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறக்குங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு பட்டைகளின் விளிம்பு மட்டும் எரிந்திருந்தால் அங்கே சுருள் அறுந்திருக்கிறது. மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போக வேண்டியதுதான்.

புதிய கார்பன் பிரஷ் போட்டால் உட்காரவைக்க வேண்டும். உப்புத்தாளின் சொரசொரப்பு பிரஷைப் பார்க்கும்படி கம்யூட்டேட்டர் மேல் சுற்றி, மோட்டார் சுழலும் திசையில் மட்டும் இழுங்கள். பிரஷின் முகம் வளைவு பெற்றதும் கார்பன் தூளை ஊதி எடுங்கள். இந்தத் தூள்தான் ஈரத்தோடு சேர்ந்து மின்கசிவுக்குப் பாதை போடும். காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகரில் சேஸுக்கும் சுருளுக்கும் 1 மெகாஓமுக்குக் குறைவாக இருந்தால் உடனே கைவிடாதீர்கள். பெரும்பாலும் ஈரம்தான். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மோட்டார் பக்கத்தில் எரியவிட்டு மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் அளவு ஏறும்.

மிதி, கான்டாக்டர், ரெசிஸ்டர்

நின்ற மோட்டாரின் உள் தடை மிகக் குறைவு. உதாரணத்துக்கு 0.05 ஓம் என்று வைத்தால் 72 வோல்ட் நேராகக் கொடுக்கும்போது 1440 ஆம்பியர் பாயும். அதைத் தடுக்கத்தான் முதல் படியில் ரெசிஸ்டர், பிறகு 36 வோல்ட், பிறகு 72. மிதியை அழுத்தும்போது 'டக், டக்' என்று கேட்பது கான்டாக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடும் சத்தம். ரெசிஸ்டர் சில வினாடிக்கு மட்டும் அளவிட்டது. ஊர்வலம் போல் மெதுவாக ஓட்டுவதற்காக அரை மிதியிலேயே பிடித்தால் ரெசிஸ்டர் சிவந்து, மேலே உள்ள மரத்தளம் கருகும். விழா ஊர்வலங்களுக்கு இந்த வண்டிகளை எடுத்துப்போகிறவர்கள் செய்யும் தவறு இதுதான். முன்னே கொஞ்சம் இடம்விட்டு, முழுப்படிக்குப் போய், மிதியைவிட்டு உருளவிட்டு, மறுபடி மிதியுங்கள்.

தொடுமுனை செம்பு என்றால் மெல்லிய அரத்தால் சமன்படுத்தலாம். வெள்ளிக் கலவை முகம் என்றால் அரம் போடாதீர்கள்; கறுப்பாக இருந்தாலும் அது கடத்தும், அரம் போட்டால் வெள்ளி முழுதும் போய்விடும். கிரீஸ் எதற்கும் தடவ வேண்டாம். கான்டாக்டர் மேல் உள்ள பீங்கான் அல்லது கல்நார் போன்ற கூடுதான் பொறியைப் பிரித்து அணைப்பது, அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் முதல் நாளிலேயே முனைகள் வெல்டாகி ஒட்டும். அப்படி ஒட்டினால் மிதியை எடுத்தாலும் வண்டி நிற்காது. எனவே ஓட்டுநர் கையெட்டும் இடத்தில் பேட்டரியை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று எல்லாவற்றுக்கும் முன் பாருங்கள். பழைய கூடு கல்நாராக இருக்கலாம், உரசவோ ஊதவோ வேண்டாம், ஈரத்துணியால் துடைப்பது போதும்.

1970-களுக்குப் பிந்தைய சில வண்டிகளில் கான்டாக்டர் படிகளுக்குப் பதில், மின்னணு முறையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தைரிஸ்டர் கன்ட்ரோலர் இருக்கும். கேட்ஸ்ஹெட்டிலேயே இருந்த செவ்கான் கம்பெனி இதில் பெயர் பெற்றது. அது பழுதானால் பழுதுபார்ப்பதைவிட இன்றைய சீரிஸ் மோட்டார் கன்ட்ரோலர் ஒன்றை மாற்றுவதே நல்லது.

பிரேக், ஸ்பிரிங் பட்டை, டயர்

டிரம் பிரேக்கின் வீல் சிலிண்டர்கள் நெடுநாள் நின்றதில் இறுகியிருக்கும். நான்கையும் பிரித்து, ரப்பர் மாற்றி, பழைய திரவத்தை முழுதும் வெளியேற்றுங்கள். பின் ஆக்சிலில் பித்தளை அல்லது வெண்கலப் பற்சக்கரம் இருக்கலாம். ஆகவே ஜிஎல்-4 வகை கியர் எண்ணெய் பாதுகாப்பானது, சில ஜிஎல்-5 எண்ணெய்கள் அந்த உலோகத்தை அரிக்கும். டயரில் எழுதிய நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், ஆழம் எவ்வளவு இருந்தாலும் குப்பைக்கு.

எடை குறைந்த பேட்டரி போட்டவர்களுக்கு: ஸ்பிரிங் பட்டைகள் பழைய ஒரு டன்னுக்காக அமைந்தவை. அரை டன் இறங்கியதும் வண்டி துள்ளும், ஈர ரோட்டில் பின்சக்கரம் பிரேக்கில் வழுக்கும். 20 பைன்ட் பாட்டில் கொண்ட ஒரு கிரேட்டில் பால் மட்டுமே கிட்டத்தட்ட 11.7 கிலோ, காலிக் கிரேட்களோடு காட்சிக்கு ஓட்டுபவர்களுக்கு அந்தச் சுமையும் இல்லை. பட்டையிலிருந்து ஒன்றிரண்டு இலைகளை எடுப்பதைவிட, பேட்டரிப் பெட்டியின் காலி இடத்தில் இரும்புப் பாளங்களை இறுகப் பூட்டுவதே நல்லது.

லித்தியம் போடலாமா என்ற கேள்விக்கு: போடலாம், 24 எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் வரிசையில் 76.8 வோல்ட் வரும். ஆனால் பாதி பாதியாகப் பிரித்து 36, 72 என்று மாற்றும் பழைய சுற்றோடு அது ஒத்துப்போகாது. இரண்டு பாதிக்கும், செல்களைக் கண்காணிக்கும் ஒரே பிஎம்எஸ் மின்சுற்று கணக்குப் பார்க்க முடியாது. மிதித்த கணத்தில் பாயும் ஆம்பியருக்கு அது துண்டித்துவிடும். லித்தியம் என்றால் கன்ட்ரோலரையும் சேர்த்து மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் அந்த 'டக், டக்' போய்விடும். கான்டாக்டர் நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு ஈயமே பொருத்தம்.

முதல் ஓட்டம்

பிரிட்டனில் 2015 மார்ச் 1-க்கு முன் பதிவான மின்சரக்கு வண்டிகளுக்கு வருடாந்தச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. சோதனை இல்லை என்பதால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சரியாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு முழுதும் ஓட்டுபவரின் தலையில்.

முதல் நாள் சமதளமான முற்றத்தில், ஒருவர் துண்டிப்பு சுவிட்ச் அருகில் நிற்க, முன்னே பின்னே பத்து மீட்டர். வண்டி முழுதாக நிற்காமல் பின்கியருக்கு மாற்றாதீர்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒவ்வொரு கேபிள் முனையையும் சுவிட்சை அணைத்துவிட்டுப் புறங்கையால் தொடுங்கள்; சூடாக இருக்கும் முனை தளர்ந்திருக்கிறது அல்லது உள்ளே பச்சை பூத்திருக்கிறது. அடுத்த நாள் 5 கிலோமீட்டர், அதில் ஐம்பது தடவையாவது நின்று கிளம்புங்கள், அதுதான் இந்த வண்டியின் உண்மையான வேலை. ஏற்றத்தில் ஏறும்போது ஒருவர் செல்களின் வோல்ட்டைப் பார்க்கட்டும், சுமையில் 1.75-க்குக் கீழே இறங்கும் செல்தான் அடுத்துச் சாகப்போவது. திரும்பி வந்ததும் 36 செல்லின் கிராவிட்டியையும் அதே நோட்டில், அதே வரிசையில் எழுதுங்கள். 1.140-க்கு இறங்கும் முன் சார்ஜுக்குப் போடுங்கள், காலியாக ஓர் இரவுகூட நிற்கவிடாதீர்கள்.